கட்டி முடித்த கடன் சிபிலில் பாக்கியாக நிற்கிறதா?

கேள்வி: பைக் கடனை 2022-லேயே கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கடிதமும் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டுக்கடன் கேட்டுப் போனால், சிபிலில் அதே கடனுக்கு 3,800 ரூபாய் நிலுவை இருக்கிறது என்கிறார்கள். பத்தாயிரம் கொடுத்தால் எடுத்துவிடுகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் செய்யப்போவதை நீங்களே காசில்லாமல் செய்துவிடலாம். கடன் கொடுத்தவர் அனுப்பும் தகவலைத்தான் சிபில் பதிந்து வைக்கிறது. அவர் ஒப்புதல் இல்லாமல் அதில் கைவைக்க முடியாது; ஏஜென்டுக்கும் வேறு வழி கிடையாது.

முதலில் முழு அறிக்கையை எடுங்கள், ஸ்கோர் மட்டும் போதாது. சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் உள்ள பிழை மற்றதிலும் இருக்கலாம் என்பதால் நான்கையும் பாருங்கள்.

அந்தக் கடனுக்கு நேரே 'செட்டில்டு' என்று இருந்தால் கதையே வேறு. பேரம் பேசி, குறைத்துக் கட்டி முடித்த கடன் என்று அர்த்தம். அப்படி நடந்திருந்தால் அது பிழையல்ல. உங்கள் என்.ஓ.சி. கடிதத்தில் முழுத் தொகையும் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

3,800 மாதிரியான சில்லறைத் தொகை பெரும்பாலும் செக் பவுன்ஸ் கட்டணமாகவோ தாமத அபராதமாகவோ இருக்கும். கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டால் தெரிந்துவிடும். 'சனியன், கட்டித் தொலைக்கலாம்' என்றுதான் தோன்றும். அவசரப்படாதீர்கள். இன்று கட்டினால் நிலுவை பூஜ்யமாகும். ஆனால் இத்தனை மாதம் பாக்கி வைத்திருந்தீர்கள் என்ற பதிவு அப்படியே நிற்கும். வங்கி மேனேஜர் கண்ணில் முதலில் படுவதே அதுதான். கடன் 2022-லேயே முடிந்தது என்று பழைய தேதியோடு திருத்தச் சொல்லுங்கள்.

சிபில் இணையதளத்தில் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற புகார்) பதிவுசெய்யும் அன்றைக்கே, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் என்.ஓ.சி., ஸ்டேட்மென்ட் இணைத்து மெயில் அனுப்புங்கள். இரண்டு புகார் எண்களையும் பத்திரப்படுத்துங்கள். மொத்தம் 30 நாள் கெடு. அதில் கடன் நிறுவனத்துக்கு 21 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. புகாரை நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும். பதிலே இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448.

இடையில் வேறு வங்கிகளுக்கு விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொன்றும் அறிக்கையில் பதிவாகும். இப்போதைய வங்கியிடமே என்.ஓ.சி.யையும் புகார் எண்ணையும் கொடுத்து, ஃபைலை மூடாமல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். திருத்தம் முடிந்ததாகத் தகவல் வந்ததும் அறிக்கையை மறுபடி எடுத்து, தாமத நாட்கள் கட்டமும் சரியாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வங்கிக்குப் போங்கள்.