மௌலானா ஏன் சிரித்தார்?

அன்புள்ள ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். கூட்டங்களுக்கு அழைப்பிதழ் எழுதுவது என் தலையில்தான். பள்ளிவாசலிலிருந்து வரும் பெயர்களுக்கு முன்னால் அல்ஹாஜ், மௌலவி, அல்ஹாபிஸ், அஷ்ஷெய்க் என்று ஒரு வரிசை. பின்னால் நளீமி, கபூரி என்று இன்னொன்று. எது பெயர், எது பட்டம் என்றே பிடிபடுவதில்லை. போன கூட்டத்தில், மௌலானா என்று பெயர் முடிந்த ஒருவரை மதகுருமார் வரிசையில் இருத்திவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, நான் ஹாட்வெயார் கடை வைச்சிருக்கிறன்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் விளக்குவீர்களா?

வாசகி, முல்லைத்தீவு

அன்புள்ள தங்கைக்கு,

வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் மௌலானா என்றால் மார்க்க அறிஞர்தான். அபுல் கலாம் ஆசாத்தை அப்படித்தான் அழைத்தார்கள். இலங்கையில் அது குடும்பப் பெயர். நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமாவின் வழிவந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் மற்ற நாடுகளில் செய்யிது என்று போடுவதை, இங்கே பலர் மௌலானா என்று போடுகிறார்கள். 'எங்கள் தலைவரே' என்று பொருள். குர்ஆனில், பகரா அத்தியாயத்தின் கடைசி வசனத்தில், அல்லாஹ்வை இந்தச் சொல்லால்தான் விளிக்கிறார்கள். முதலியாரும் உடையாரும் ஒரு காலத்தில் அரச உத்தியோகங்கள், பிறகு பெயரோடு ஒட்டிக்கொண்டவை என்பது உங்களுக்குத் தெரியும். அதே கதைதான்.

உங்கள் பட்டியலில் பிறப்பால் வருவது இது ஒன்றுதான். மௌலவி படித்து வாங்குவது. மதரஸாவில் பல வருடம் ஓதி முடித்தவர். நளீமி, கபூரி என்பவை எங்கே படித்தார் என்பதைச் சொல்லும்: 1973இல் தொடங்கிய பேருவளை ஜாமிஆ நளீமிய்யா, 1931இல் தொடங்கிய மகரகம கபூரிய்யா. ஷெய்க் என்றால் அரபியில் கிழவர். இங்கே தாடி சரியாக முளைக்காத பொடியனுக்கும் அஷ்ஷெய்க் போடுகிறார்கள், பரவாயில்லை. ஹாபிஸ் என்பவர் குர்ஆன் முழுவதையும், 114 அத்தியாயங்களையும், மனனம் செய்தவர். சின்ன வயதில் விளையாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து ஓதிய உழைப்பு அது. அந்தப் பட்டத்தில் எனக்கு மரியாதை அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபாதருக்குப்போல குருப்பட்டமோ, ஐயருக்குப்போல பரம்பரையோ மௌலவிக்குக் கிடையாது. ஓதத் தெரிந்த எவரும் முன்னால் நின்று தொழுவிக்கலாம். அந்த நேரத்துக்கு அவர்தான் இமாம். மௌலவி பாடசாலையில் ஆசிரியராக இருப்பார், கடையும் போடுவார். உங்கள் படிவத்தில் உள்ள 'மதகுரு' என்ற கட்டத்துக்குள் அவர் முழுசாக அடங்கமாட்டார்.

அல்ஹாஜ் என்றாலும் ஹாஜியார் என்றாலும் மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போய்வந்தவர். பெண் என்றால் ஹாஜியானி. அரபுச் சொல்லுக்கு நாம் தமிழ் 'ஆர்' போட்டு மரியாதை செய்திருக்கிறோம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊரே கூப்பிட்டு நிலைத்த ஹாஜியார்கள் உண்டு. ஜாமிஆ நளீமிய்யாவைத் தொடங்கிய பேருவளை நளீம் ஹாஜியார் அப்படி. ஆனால் தன் பெயருக்கு முன்னால் தானே அல்ஹாஜ் அச்சடிப்பது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. நபித்தோழர்களும் ஹஜ் செய்தார்கள். ஹாஜி அபூபக்கர் என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் காலத்துப் பட்டங்கள் அடுத்தவர் வாயிலிருந்து வந்தவை. முஹம்மது நபியை, நபித்துவம் வருவதற்கு முன்பே, மக்காவாசிகள் அல்அமீன் என்றார்கள்: நம்பிக்கைக்குரியவர். அலீயின் கதை இன்னும் அழகு. வீட்டில் மனைவி பாத்திமாவோடு ஏதோ மனத்தாங்கல். கோபித்துக்கொண்டு பள்ளிவாசலில் போய்ப் படுத்துவிட்டார். மேலாடை நழுவி முதுகெல்லாம் புழுதி. தேடிவந்த மாமனார், அதாவது நபிகள், அந்தப் புழுதியைக் கையால் தட்டிவிட்டு, "எழும்பும், அபூ துராப்" என்றார். மண்ணின் தகப்பனே என்று பகிடி. அலீக்கு அதைவிடப் பிடித்த பெயர் வேறில்லையாம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்: லெப்பை. 1990 ஒக்டோபருக்கு முன் எங்கள் பக்கத்தில் மௌலவியைவிட அதிகம் புழங்கிய சொல் அது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார், கோழி அறுப்பார், இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுவார். மஃரிப் என்ற அந்தித் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் வெளிப்படியில் தமிழ்த் தாய்மார் காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். லெப்பை வெளியே வந்து, கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு ஓதி, பிள்ளையின் கையில் கட்டி, நெற்றியில் ஊதிவிடுவார். "லெப்பையார், வயிறும் சரியில்லை" என்றால் தண்ணீரும் ஓதித் தருவார். முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, போர் முடிந்தபின் கொஞ்சப் பேர் திரும்பி வந்தபோது, மௌலவிமார் வந்தார்கள். லெப்பைமார் வரவில்லை. நூல் கட்டுவது மார்க்கத்தில் கூடாது என்பது புதிய தலைமுறையின் வாதம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் குழம்புவதற்குக் காரணம் அந்த இருபது வருட இடைவெளிதான். உங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் பாதியைச் சொல்லியிருப்பா.

சரி, அழைப்பிதழுக்கு வருவோம். பெயருக்கு முன்னால் மௌலவி என்று போட்டால் போதும். நேரிலும் 'மௌலவி' என்றே கூப்பிடலாம். மௌலானாவைப் பெயரின் கடைசியில் அப்படியே விடுங்கள், வர்த்தகர்கள் வரிசையில் இருத்துங்கள். நபியைக் குறிப்பிட நேர்ந்தால் நபிகள் நாயகம் என்பதே நல்ல தமிழ். (ஸல்) என்பது முஸ்லிம்கள் சொல்லும் ஒரு வாழ்த்துப் பிரார்த்தனையின் சுருக்கம். நீங்கள் எழுதாவிட்டால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். வரியில் இடம் போதாமல் போனால் அல்ஹாஜை வெட்டுங்கள், ஹாபிஸை வெட்டவேண்டாம்.

அன்புடன்.