எஸ்டேட் சேற்றுக்கும் காஷ்மீர் பனிக்கும் ஒரே செட் டயர் போதுமா?

கேள்வி: குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எங்கள் ரப்பர் தோட்டம். டபுள் கேபின் ஃபோர்வீல் பிக்கப் வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த 245/70 ஆர்16 எச்டி டயர் 48,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மழைக்காலத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஷீட் அடிக்கும் ஷெட் வரை ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றத்தில் நாலு சக்கரமும் வழுக்குகிறது. ஜனவரியில் இதே வண்டியில் குடும்பத்தோடு காஷ்மீர் போக எண்ணம். டயர் கடைக்காரர் "எம் பிளஸ் எஸ் போட்ட ஏடி டயர், 245/75 சைஸ் போடுங்கள், சேற்றுக்கும் பனிக்கும் அதுவே போதும்" என்கிறார். மகன் எம்டி டயர்தான் வேண்டும் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: எச்டி என்பது தார் ரோட்டுக்கான டயர், ஏடி ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது, எம்டி சேற்றுக்கென்றே செய்தது. உங்களுக்கு ஏடி டயர் சரி. 245/75 வேண்டாம், எம்டியும் வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள எம் பிளஸ் எஸ் (மட் அண்ட் ஸ்னோ) என்ற எழுத்தை நம்பிப் பனியில் இறங்கவே வேண்டாம்.

காசை எடுக்கும் முன் இருக்கிற டயரைக் கொஞ்சம் பாருங்கள். புது எச்டி டயரில் பட்டையின் (தரையில் படும் மேற்பாகத்தின்) ஆழம் 8, 9 மில்லிமீட்டர் இருக்கும். 48,000 ஓடிய டயரில் 3 மிச்சமிருந்தால் அதிகம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். அது தார் ரோட்டுக்கான கணக்கு. செம்மண் ஏற்றத்தில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் மொட்டை டயர்தான். இன்னொன்று காற்று. மார்த்தாண்டம் பங்க்கில் 35 அடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் ஏறுகிறவர்கள்தான் அதிகம். காலி வண்டியில் 24 பிஎஸ்ஐக்கு இறக்கி, 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். டயர் தரையில் படும் நீளம் கூடி, பிடி நன்றாக மாறுவது தெரியும். ரப்பர்பால் பேரல் ஏற்றியிருந்தால் இந்த அளவுக்கு இறக்கக் கூடாது. 200 லிட்டர் பேரல் ஒன்றே ஏறக்குறைய 200 கிலோ. அந்தப் பாரத்தில் 28-க்குக் கீழே போனால் பக்கச்சுவர் மடங்கி ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி அடித்துக்கொள்ள, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். குறைந்த காற்றோடு 60, 70-இல் ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி உள்ளே நூல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்து வெடிக்கும்.

இனி டயர் விஷயம். சேறும் பனியும் டயரிடம் கேட்பது ஒன்றுக்கொன்று எதிரானது. கடைக்காரர் சொல்வதில் இடறுவது இங்கேதான். சேற்றில் பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளம் அகலமாக இருக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது ஒட்டிய மண்ணை வீசி எறிய வேண்டும். பள்ளம் அடைந்துவிட்டால் டயர் மேல் மண்ணுறை போட்டதுபோல் ஆகிவிடும், மண்மேல் மண் வழுக்கும். பனியில் கதையே வேறு. பள்ளத்தில் அமுங்கிய பனி அங்கேயே இருந்தால்தான் நல்லது, பனியைப் பனி பிடிக்கும். அங்கே வேலை செய்பவை பட்டைமேல் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் மெல்லிய வெட்டுகள். அவை எத்தனை அதிகமோ அத்தனை பிடி. எம்டி டயரில் பெரிய பெரிய கட்டிகள், இந்த மெல்லிய வெட்டுகளோ மிகக் குறைவு. அதனால் அடியில்லாத சேற்றில் எம்டி ராஜா. ஐஸிலும் நனைந்த தார் ரோட்டிலும் ஆபத்து. மகனிடம் ஒன்று கேளுங்கள்: கன்னியாகுமரியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு, போக வர அந்த இரைச்சலைத் தாங்க அவன் தயாரா?

உங்கள் தோட்டத்து மண்ணுக்கு எம்டி தேவையும் இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் மேலே இரண்டு மூன்று அங்குலம் குழைந்த செம்மண், அதற்குக் கீழே இறுகிய சரல் (சரளை). டயர் குழம்பை வெட்டி இறங்கிச் சரலைத் தொட்டுவிட்டால் பிடி கிடைத்துவிடும். இதற்கு 10 முதல் 13 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஏடி டயர் போதும். அகலம் கூடிய டயர் இங்கே கெடுதல். அது குழம்பின்மேல் மிதந்து வழுக்கும். வயல் சேறுபோல் அடியே காணாத இடமானால் கணக்கு மாறும், ஆனால் அங்கே பிக்கப்பை இறக்குவதைவிட டிராக்டரைக் கூப்பிடுவது மலிவு.

அளவை மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் இது. 245 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 16 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இந்தக் கணக்கில் 245/70 ஆர்16 டயரின் விட்டம் 749 மில்லிமீட்டர். 245/75 ஆர்16 என்றால் 774. மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 82, 83-இல் போகும். கியர் சற்று நீளும், ஏற்றத்தில் முதலிலேயே மூச்சு வாங்கும். பதிலுக்குக் கிடைக்கும் உயரம் 12 மில்லிமீட்டர்தான். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துப் பள்ளத்தில் இறங்கும்போது உள்பக்கம் உரசலாம். பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிச் செயின் மாட்டவோ இடமே இருக்காது. கையேட்டில் இல்லாத அளவு என்றால் விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ்காரரிடம் வாதாடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

பக்கச்சுவரில் படிக்க வேண்டியவை சில. 245/70 ஆர்16-க்குப் பிறகு 111எஸ் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் வரும். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 111 என்றால் 1,090. எழுத்து வேகத்துக்கு: க்யூ 160, எஸ் 180. இப்போதுள்ள டயரின் எண்ணைவிடக் குறைந்ததை, எத்தனை சலுகை விலையில் தந்தாலும், வாங்காதீர்கள். டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை விட்டுவிடலாம்.

அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருந்தால் அது லாரி வகைக் கட்டுமானம், பக்கச்சுவர் தடிமன். ரப்பர் தோட்டத்துக்கு அது பெரிய விஷயம். மறுநடவுக்கு வெட்டிய இடத்தில் மண்ணுக்கு அரை அடி மேலே நிற்கும் மரக்குற்றியும் வெட்டிய சரல் ஓரமும் கிழிப்பது பட்டையை அல்ல, பக்கச்சுவரைத்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டுவதென்பது கிடையாது, டயர் குப்பைக்கு. எல்டி டயரின் குறை, காலி வண்டி குதிக்கும். அதோடு அதே பாரத்துக்குச் சாதா டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு இதற்குப் போதாது. வாங்கும்போதே அந்த டயருக்கான பார-காற்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மாதம் பத்துநாள் பேரலோ ஏத்தன் வாழைக் குலையோ ஏறும் வண்டி என்றால் எல்டியே நல்லது. ஷீட்டு நாலு கட்டும் குடும்பமும் மட்டும் என்றால் சாதா கட்டுமானம் போதும்.

எம் பிளஸ் எஸ் என்பது மட் அண்ட் ஸ்னோ. பட்டையின் வடிவமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிச் சோதித்த பின் தருவது இல்லை. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருந்தால் அது வேறு. அமுங்கிய பனியில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது பத்து சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால்தான் அதைப் போட முடியும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம் பிளஸ் எஸ் டயரைப் பனிக்கால டயராக ஏற்பதே இல்லை. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015, பிஎஃப் குட்ரிச் கேஓ2 போன்றவை பல அளவுகளில் இந்த முத்திரையோடு வருகின்றன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் அளவு டயரின் பக்கச்சுவரில் முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த அளவில் கிடைக்கவில்லை என்றால் நல்ல உள்நாட்டு ஏடி டயரே போதும், ஏனென்றால் அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது செயின்.

முத்திரை உள்ள டயரும் ஐஸில் நிற்காது. டங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் ரோட்டில் பனி விழுந்தால் செயின் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். டயர் அளவைச் சொல்லி அதற்கான செயினை வாங்குங்கள். எந்தச் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். வீட்டு முற்றத்தில் இரண்டு முறையாவது மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், விறைத்த விரலோடு அங்கே கற்றுக்கொள்ள முடியாது. மாட்டிச் சில நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பனி முடிந்து கறுத்த தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் செயின் அறுந்து பிரேக் ஹோஸை அடிக்கும்.

குளிரில் காற்று இறங்கும், பத்து டிகிரிக்குச் சுமார் 2 பிஎஸ்ஐ. மலை உயரம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பதால் நாகர்கோவிலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம். அங்கே காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து சரிசெய்யுங்கள். டயர் பற்றிய கேள்விதான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம்: நம் ஊரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் உண்டு. உறைநிலைக்குக் கீழே அது இன்ஜினையே பிளந்துவிடும். சரியான விகிதத்தில் கூலண்ட் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்து டயராக வாங்குங்கள், ஸ்டெப்னியும் அதே மாடல். ஃபோர்வீல் வண்டியில் இரண்டு புதுசு இரண்டு பழசு போட்டால் விட்ட வித்தியாசம், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்னும். மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட். நட்டை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும், அலாய் வீல் என்றால் கட்டாயம். புது டயரில் ஆரம்பத்தில் வழுக்கல் இருக்கும். முதல் 300 கிலோமீட்டருக்கு நனைந்த ரோட்டில் பிரேக்கை நம்பாதீர்கள். அதற்குப் பிறகும் ஏடி டயர் மழைத் தாரில் எச்டியைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். மைலேஜும் கொஞ்சம் குறையும்.

தோட்டத்து ஏற்றத்துக்கு முன்பே நின்று 4எல் (ஃபோர்வீல் லோ) போட்டு, இரண்டாம் கியரில் சீராக ஏறுங்கள். பாதியில் நின்றுவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல், ஸ்டீயரிங்கை நேராக வைத்து ரிவர்ஸ் கியரிலேயே இறங்கி மறுபடி முயலுங்கள். வழுக்கும் அந்த இரண்டு வளைவில் ஓடை வெட்டித் தண்ணீரைத் திருப்பி, இரண்டு லோடு சரல் கொட்டினால் எந்த டயருக்கும் பாதி வேலை குறையும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

காஷ்மீர் போய்த் திரும்பினால் 7,500 கிலோமீட்டருக்குக் குறையாது. ஏடி டயரின் கட்டிகள் ஒருபக்கமாய் ரம்பப்பல்போல் தேயும் தூரம் அது. வந்த வாரமே சக்கரங்களை இடம் மாற்றுங்கள்: பின்னாலுள்ளவை நேராக முன்னுக்கு, முன்னாலுள்ளவை குறுக்காகப் பின்னுக்கு. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்.