போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஆதாரமே இல்லாமல் ஒரு பொடியனை எப்படி உளவாளி ஆக்கினார்கள்?

பழி இரண்டு பக்கத்தாலும் வந்தது. ஆமிக்கு, அதாவது இராணுவத்துக்கு, அவன் புலிக்குத் தகவல் கொடுப்பவன்; இயக்கத்துக்கு, அதாவது புலிகளுக்கு, அவன் காட்டிக்கொடுப்பவன்.

ஆமிப் பக்கத்தில் பேர்போனது தலையாட்டி முறை. இந்தியப் படை இருந்த 1987–90இலும் இது நடந்தது. விடியுமுன் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வீட்டில் நின்றால் சந்தேகம் கூடும் என்று காய்ச்சல்காரரும் போவார்கள். ஐசி (அடையாள அட்டை) பார்த்து, இளம் ஆட்களைப் பிரித்து, ஒரு வாகனத்துக்கு முன்னால் வரிசையாக நடக்கவிடுவார்கள். உள்ளே தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவன். அவன் தலை அசைந்தால் ஆள் ட்ரக்கில். காட்டியது யார், ஏன் என்று கேட்க வழியில்லை.

அந்தத் தலையாட்டியே அநேகமாகப் பிடிபட்டு அடிவாங்கினவன். ஒருவரையும் காட்டாவிட்டால் அடி திரும்ப அவனுக்குத்தான். அதனால் முகம் தெரிந்த யாரையாவது காட்டுவான்: இயக்கத்துக்குச் சோற்றுப்பார்சல் கொடுத்த வீட்டுப் பிள்ளை, காணிச் சண்டைக்காரரின் மகன்.

இயக்கப் பக்கத்தில் விசாரணை இதைவிட மூடுமந்திரம். ஆமிக் காம்ப் (முகாம்) அருகே கடை வைத்திருப்பது, சென்றியில் (காவலரணில்) சிங்களத்தில் பேசுவது, அண்ணன் புலிகள் 1986இல் தடைசெய்த வேறு இயக்கத்தில் இருந்தது எல்லாமே சாட்சியாகும். எண்பதுகளில் துரோகி என்ற மட்டையோடு மின்கம்பத்தில் உடல்கள் கட்டப்பட்டன. மேன்முறையீடு என்ற பேச்சே கிடையாது.

அரசாங்கம் பிடித்தால் சட்டம் என்று ஒன்று இருந்தது, பேருக்கு. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம்வரை அப்போது தடுத்துவைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த வாக்குமூலம் செல்லும். அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கவேண்டியது பிடிபட்டவனே. பூட்டிய அறையில் அடிவாங்கினவன் எந்தச் சாட்சியைக் கொண்டுவருவான்?

ஆகவே பிடித்த அன்றைக்கே செய்வதுதான் பலன் தரும். எந்தக் காம்ப் என்று அறிந்து, தாயோடு விதானையையோ (கிராம அலுவலரையோ) பாதிரியாரையோ கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், பெயரையும் ஐசி இலக்கத்தையும் எழுத்தில் கொடுப்பார்கள். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிவு. 1996க்குப் பிறகு மனித உரிமை ஆணைக்குழுவிலும் முறையிடலாம். ஆணைக்குழுவை அமைத்த சட்டப்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் செய்த கைதை 48 மணித்தியாலத்துக்குள் அதற்கு அறிவிக்கவேண்டும். பிடித்ததே இல்லை என்று காம்ப் மறுத்தால் இதெல்லாம் பெரிதாக உதவாது, ஆனால் பதிவு இல்லாத ஆளை மறைப்பது இன்னும் லேசு.

2007 அளவில் சிலர் பிடிபடுமுன்னரே யாழ்ப்பாண ஆணைக்குழு அலுவலகத்தில் உயிர்ப் பாதுகாப்புக் கேட்டுச் சரணடைந்தார்கள். அவர்களை வைத்திருந்த இடம் யாழ்ப்பாணச் சிறைச்சாலை.