வாசகர் கேள்வி: கடலில் குதித்துவிடலாமா?

கேள்வி: மாலத்தீவில் ஏழு நாள் படகிலேயே தங்கி ஸ்கூபா டைவிங் செய்ய என் மகன் முன்பணம் கட்டியிருக்கிறான். தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், "சுற்றிலும் தண்ணீர்தானே அம்மா, குதித்துவிடுவேன்" என்கிறான். அது சரியா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குதிக்க வேண்டுமானால் முதலில் மேல்தளத்துக்கு வந்து சேர வேண்டும், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு எரிந்தபோது, கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேரும் இறந்தார்கள். மேலே உறங்கிய 5 பணியாளர்கள் மட்டும் கடலில் குதித்துத் தப்பினார்கள். கீழிருந்தவர்களுக்கு வழி இல்லாமலில்லை. முன்புறம் படிக்கட்டும், பின்புறம் ஒரு படுக்கைக்கு மேலே சிறிய திறப்பும் இருந்தன. ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்தது மேலிருந்த ஒரே கூடத்துக்கு. தீ பற்றியதும் அநேகமாக அந்தக் கூடத்தில்தான் என்றது விசாரணை. அங்கே புகை உணர் கருவி கிடையாது. இரவு முழுவதும் ஒருவர் விழித்துச் சுற்றிவர வேண்டும் என்ற விதி இருந்தும் அன்று எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குற்றத்துக்காகவே கேப்டனுக்கு 2024இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

படகு எரிந்து மூழ்கிவிட்டதால், தீயின் மூலகாரணத்தை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிகள் மீதும் ஐயம் விழுந்தது. கேமரா, டார்ச் என்று டைவர்கள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிகள் கொஞ்சநஞ்சமல்ல. பழுதான ஒன்று சூடேறினால் அடுத்ததையும் பற்றவைக்கும், அணைந்ததுபோல் தோன்றி மறுபடி எரியும். 2023 ஜூனில் எகிப்தின் செங்கடலில் 'ஹரிகேன்' என்ற டைவிங் படகு காலை வேளையில் எரிந்தபோதும் பிரிட்டிஷ் பயணிகள் மூவர் இறந்தார்கள். ஆகவே இரவை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை.

படகு நிறுவனத்திடம் உங்கள் மகன் இப்போதே எழுதிக் கேட்கட்டும்: அறையிலிருந்து வெளியேறும் இரண்டு வழிகளும் வெவ்வேறு இடங்களில் திறக்கின்றனவா, இரவுக் காவலுக்கு யார் விழித்திருப்பார், ஓரிடத்தில் புகை எழுந்தால் எல்லா அறைகளிலும் மணி ஒலிக்குமா, பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள்? ஏறிய முதல் நாளே விளக்கை அணைத்துவிட்டு, அந்த இரண்டாவது வழியில் அவரே ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். அதன்மேல் மூட்டை முடிச்சு அடுக்கியிருந்தால் அப்போதுதான் தெரியவரும். தூங்கும்போது பேட்டரியை சார்ஜரில் விட்டுவைக்கக் கூடாது. கேள்விகளுக்கு நிறுவனம் மழுப்பலாகப் பதில் சொன்னால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு படகு பார்க்கச் சொல்லுங்கள்.