நாற்பது வயதில் கல்லூரி: முழுநேரமா, பகுதிநேரமா?

ஐயா,

வணக்கம். எனக்கு நாற்பது வயதாகிறது. குடும்பச் சூழலால் கல்லூரிப் படிப்பை முதல் ஆண்டோடு நிறுத்திவிட்டு இருபது வயதில் வேலைக்குப் போனேன். இப்போது சமூகப்பணியில் இளங்கலைப் பட்டம் பெற விரும்புகிறேன். முழுநேரமாகச் சேர்ந்தால் மூன்று ஆண்டுகள், பகுதிநேரம் என்றால் ஆறு ஆண்டுகள். என் சம்பளம் நின்றாலும் ஒன்றரை ஆண்டு வீட்டுச் செலவைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. கணவர் எதற்கும் சம்மதம் என்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் அது படிப்பு, பகுதிநேரம் என்பது அரைமனதான காரியம் என்று மனம் சொல்கிறது. நாற்பத்தாறு வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறோம் என்ற சோர்வும் கூடவே வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பகுதிநேரம் என்றால் அரைமனது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1823இல் லண்டனில் உழைப்பாளிகளுக்கென்று தொடங்கப்பட்டு, இன்று பர்க்பெக் என்ற பெயரில் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் கல்லூரி, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் பாடம் நடத்தியே பெயர் பெற்றது. 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலையையும் வீட்டையும் விட்டுவர முடியாதவர்களை மனத்தில் வைத்தே உருவானது. உங்களைப் போன்றவர்களுக்காகவே நெடுங்காலமாக இருந்துவரும் வழி இது. அதைத் தேர்ந்தெடுப்பதில் தாழ்வு எதுவும் இல்லை.

உங்கள் மன உறுதியை நான் சந்தேகிக்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டியது மணிநேரங்களைத்தான். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கில் ஒரு முழுநேரக் கல்வியாண்டு என்பது 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு. ஆக, வகுப்பும் வாசிப்பும் கட்டுரைகளும் தேர்வும் சேர்ந்து ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணிநேரம். நாற்பது வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய நாற்பது மணிநேரம், அதாவது இன்னொரு முழு வேலை. பகுதிநேரத்தில் அதில் பாதி, வாரத்துக்கு இருபது மணிநேரம். வேலைக்கும் வீட்டுக்கும் போக அந்த இருபது மணிநேரம் உங்கள் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அப்போது பிள்ளைகள் யார் பொறுப்பில் என்பது வரை எழுதுங்கள். கணவரின் சம்மதம் அந்தத் தாளில் அவர் பெயரோடு சில மணிநேரங்களாக மாறினால்தான் உங்களுக்கு உதவும்.

இரவு ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே புத்தகத்தைத் திறக்கும் ஒருவருக்கு, போன வாரம் எந்தப் பக்கத்தில் எந்தக் கேள்வியோடு நிறுத்தினோம் என்று பிடிபடவே அரைமணிநேரம் போய்விடும். மறதியின் வேகத்தைத் தன்னையே சோதித்து அளந்து 1885இல் நூலாக வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படிப்பது நன்றாக நிலைக்கிறது என்பதையும் கண்டார். அந்த வகையில் பகுதிநேரம் உங்களுக்குச் சாதகமானதே. ஆனால் திரும்பிப் பார்க்காத இடைவெளி மறதியாகத்தான் முடியும். வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணிநேரமாவது புத்தகத்தைத் தொடுவது, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கிவைப்பதைவிட நல்லது.

பகுதிநேரத்தின் உண்மையான ஆபத்து அதன் நீளம் என்றே நினைக்கிறேன். ஆறு ஆண்டுகளில் வேலை மாறலாம், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் கெடலாம், பிள்ளைகளின் பொதுத்தேர்வும் உங்கள் பருவத்தேர்வும் ஒரே மாதத்தில் வரலாம். நடுவில் நின்றுபோகும் படிப்புகள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன; பாடம் கடினமாக இருந்ததால் அல்ல. முழுநேரத்தின் ஆபத்து வேறு வகையானது. உங்கள் சேமிப்பு இரண்டாம் ஆண்டின் நடுவில் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் ஒன்றரை ஆண்டைக் கடனும் கவலையுமாகக் கழிக்க நேரும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த துறையில் இன்னொன்றும் இருக்கிறது. சமூகப்பணிப் படிப்பின் முக்கியமான பகுதி களப்பயிற்சி. அது மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் வார நாட்களில், பகல் நேரத்தில் நடப்பது. மாலை வகுப்புக்குப் போய்வருவது போல அதைச் செய்ய முடியாது. வேலையில் இருந்துகொண்டே ஆறு ஆண்டுகளையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

ஆகவே என் கருத்து இது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கான பாடங்களைப் பகுதிநேரமாக நான்கு ஆண்டுகளில், சம்பளத்தை விடாமல் முடியுங்கள். இறுதி ஆண்டை மட்டும், களப்பயிற்சியின் பெரும்பகுதி அதில் வருமாறு அமைத்துக்கொண்டு, முழுநேரமாகப் படியுங்கள். ஆறு ஆண்டுகள் ஐந்தாகக் குறையும். உங்கள் சேமிப்பு அந்த ஓராண்டைத் தாங்கும். மீதி ஆறு மாதச் செலவுக்கான தொகை, படிப்பு முடிந்து வேலை தேடும் காலத்துக்குக் கையில் இருக்கும். முழுமூச்சாக இறங்க வேண்டும் என்ற உங்கள் ஆசையும் அது மிகவும் தேவைப்படும் ஆண்டில் நிறைவேறும்.

வயதைப் பற்றிய சோர்வுக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. துயரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்து பேசும் வேலைக்கு, வேலையும் வீடும் இழப்பும் பார்த்த நாற்பத்தாறு வயதுப் பெண் பொருத்தமானவர் என்றே நான் நம்புகிறேன்.

இந்தத் திட்டம் நடக்குமா என்பது கல்லூரியின் விதிகளைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்க் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பகுதிநேரத்திலிருந்து முழுநேரத்துக்கு நடுவில் மாற முடியுமா? படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டுகள் தருகிறார்கள்? தேவைப்பட்டால் ஒரு பருவம் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்ப இடம் உண்டா? இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த முதல் ஆண்டுக்கு ஏதாவது பாட விலக்கு கிடைக்குமா? பகுதிநேர மாணவர்களுக்குத் தனியாக மாலை வகுப்பு உண்டா, அல்லது பகல் வகுப்புகளில் பாதிக்கு வந்துபோவதைத்தான் பகுதிநேரம் என்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் சேர்ந்த பிறகே கேட்கிறார்கள். உதவித்தொகை குறைந்தபட்சப் பாடச்சுமையோடு கட்டப்பட்டிருந்தால் அதையும் விசாரியுங்கள்.

அலுவலகத்தில் ஓராண்டு சம்பளமில்லா விடுப்புக்கு வழி இருக்கிறதா என்று இப்போதே பேசத் தொடங்குங்கள். நான்கு ஆண்டு முன்னறிவிப்போடு கேட்கப்படும் விடுப்பை மறுப்பது எந்த மேலாளருக்கும் கொஞ்சம் கடினம்.

அன்புடன்.