ரிப்பேருக்குக் கொடுத்த ஸ்பூல் ரெக்கார்டரைக் கடைக்காரர் விற்கலாமா?

கேள்வி: என் அப்பா அறுபதுகளில் வாங்கிய குருண்டிக் டி.கே. 14 ஸ்பூல் டேப் ரெக்கார்டரை சென்னையில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஓட்டிப் பார்ப்பதற்காக அப்பா பதிவு செய்த எட்டு ஸ்பூல்களையும் (டேப் சுருள்களையும்) கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆயிரம் ரூபாய் முன்பணம், ரசீது இருக்கிறது. “பார்ட்ஸ் கிடைக்கவில்லை” என்று ஒரு வருடத்துக்கு மேல் வாட்ஸ்அப்பில் இழுத்தடித்தார்கள். போன மாதம் நேரில் போனால், “90 நாளில் எடுக்காத பொருளுக்குக் கடை பொறுப்பல்ல என்று ரசீதிலேயே இருக்கிறது, பழைய பொருள் சேகரிக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டோம்” என்கிறார்கள். ஸ்பூல்கள் கடையில்தான் இருக்கின்றன. வேலைக்கூலி, வைத்திருந்த வாடகை என்று 4,000 ரூபாய் கொடுத்தால்தான் தருவார்களாம். ஒரு ஸ்பூலில் என் பாட்டியின் குரல் இருக்கிறது. என்ன செய்வது? – வாசகர், திருச்சி

பதில்: அவர் விற்றது செல்லாது. ரசீதின் அடியில் அச்சடித்த ஒரு வரி, உங்கள் பொருளுக்கு அவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. “பொறுப்பல்ல” என்பது வேறு, “விற்றுக்கொள்ளலாம்” என்பது வேறு. அதோடு, நீங்கள் எடுக்காமல் விடவில்லை. பார்ட்ஸ் இல்லை என்று சொல்லி அவரேதான் தாமதப்படுத்தினார். அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் பலமான சாட்சி. போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். வழக்கில் அதைத் தாக்கல் செய்ய 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

வேலை செய்தவருக்குச் சட்டம் ஒரு பிடிமானம் கொடுத்திருப்பது உண்மைதான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, தன் உழைப்பையும் திறமையையும் செலவழித்த பொருளை, கூலி வரும்வரை அவர் கையில் வைத்திருக்கலாம். வைத்திருக்கலாம், அவ்வளவுதான். அடகு பிடித்தவருக்கு 176-ஆவது பிரிவு கொடுக்கும் விற்கும் உரிமை, ரிப்பேர் செய்பவருக்குக் கிடையாது. இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஸ்பூல்களில் அவர் எந்த வேலையும் செய்யவில்லை. ஆகவே ரெக்கார்டருக்கான கூலியைக் காட்டி ஸ்பூல்களைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையே இல்லை. பேசி ஒப்புக்கொள்ளாத வாடகையையும் அவர் கேட்க முடியாது.

ரெக்கார்டர் இப்போது வேறொருவர் வீட்டில் இருந்தாலும் கை நழுவிவிடவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பதே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. வாங்கியவர் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்திருக்கலாம்; அவர் தன் பணத்தைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பணம் கொடுத்தால் ஈடாகாத பொருள் என்றால், அந்தப் பொருளையே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சிவில் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அப்பாவின் ரெக்கார்டர் அந்த வகை. இங்கிலாந்தில் 1684-இலேயே ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கொம்பை அப்படியே திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கடைக்காரர், வாங்கியவர் இருவரையும் எதிர்வாதிகளாகச் சேர்க்க வேண்டும்; வழக்கு சென்னையில் நடக்கும்.

வாங்கியவர் யார் என்று தெரியாதே என்பீர்கள். நம்பி ஒப்படைத்த பொருளை விற்பது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 316-ஆவது பிரிவுப்படி நம்பிக்கை மோசடி. கடை இருக்கும் எல்லைக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டாலே பெரும்பாலும் பெயர் வெளியே வந்துவிடும். ஆனால் “பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்” என்று கடைக்காரருக்கு அனுப்பும் நோட்டீசில் மிரட்டி எழுதாதீர்கள். புகார் கொடுப்பதானால் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர்மீது இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. புகாரோடு 38(8)-ஆவது பிரிவில் இடைக்கால மனு போட்டு, ஸ்பூல்களை அப்படியே பாதுகாக்க உத்தரவு கேளுங்கள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்திலும் இழப்பீடு கேட்கக் கூடாது.

எனக்கு ரெக்கார்டரைவிட ஸ்பூல்களைப் பற்றித்தான் கவலை. டி.கே. 14 இன்னொன்று தேடினால் கிடைக்கும், பாட்டியின் குரல் கிடைக்காது. யாரோ ஒருவர் அதை ஏதாவது மெஷினில் மாட்டி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் போதும், பழையது அழிந்து புதியது ஏறிவிடும். பெரிய ஸ்பீக்கரின் காந்தம் பக்கத்தில் இருந்தாலும் ஆபத்து. ஆகவே நாளைக்கே ஸ்பீடு போஸ்டில் கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். எட்டு ஸ்பூல், ஒவ்வொரு டப்பாமீதும் அப்பா எழுதியிருந்தது என்ன, எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். “ஓட்டக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, யாருக்கும் தரக் கூடாது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்பா இப்போது இல்லை என்றால், அவருடைய மற்ற வாரிசுகளிடம் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கிவிடுங்கள்; “பொருள் உங்களுக்கு மட்டும் சொந்தமா” என்ற கேள்வியைப் பின்னால் எதிர்த்தரப்பு கிளப்பாது.

அதற்கும் மசியவில்லை என்றால், ஆணையத்தின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் அந்த 4,000 ரூபாயைக் கொடுத்து ஸ்பூல்களை முதலில் வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. தோற்றுப்போவதாக நினைக்க வேண்டாம். அநியாயக் கட்டணம் கேட்டு ரயில்வே சரக்கைப் பிடித்துவைத்தால், கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வசூலிக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவே உதாரணம் சொல்கிறது. யுபிஐ-யில் செலுத்தி, “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமை எனக்கு உண்டு” என்று அப்போதே எழுத்தில் அனுப்புங்கள். ஒரு சாட்சியோடு போய், எட்டு டப்பாவையும் கடையிலேயே திறந்து, உள்ளே டேப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.