மரப்பேனா வெடித்தால்… வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கருங்காலிப் பேனாவில், க்ளிப் இருக்கும் நுனியிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் இறங்கியிருக்கிறது. கீழே விழவே இல்லை, காரில்தான் கிடந்தது. சரிசெய்ய முடியுமா? – வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக முடியும். கடைசல் பிடித்த மரத்துக்குள் ஒரு பித்தளைக் குழாய் ஒட்டப்பட்டிருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் மரம் ஈரத்தை இழந்து சுருங்கப் பார்க்கும், பித்தளை விட்டுக்கொடுக்காது. அதனால் மரம் நெடுக்கே பிளக்கிறது. மெல்லிய வகைப் பேனாக்களில் நுனியில் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போதாக்குறைக்கு, வெட்டுமுகத்தை, அதாவது மரத்தைக் குறுக்கே வெட்டிய நுனிப் பரப்பை, பாலிஷ் போடாமல் விட்டுவிடுவார்கள். குழாய்க்குள் பசை காய்ந்து கிடக்க, அதன்மேல் க்ளிப் உறுப்பை அழுத்திச் செருகினாலும் இப்படித்தான் பிளக்கும்.

விரிசலை நெருக்கிக் கட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். உள்ளே குழாய் இருக்கும்வரை அது மூடாது, நிரப்பத்தான் வேண்டும். ரீஃபிலைக் கழற்றிவிட்டு, உலோகப் பகுதிகளில் டேப் சுற்றுங்கள். தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவை ஊசி முனையால் ஒரு சொட்டு வையுங்கள், விரிசல் தானே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் அடுத்த சொட்டு. மரத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே எழும்பும்வரை இப்படியே. விரிசல் அகலமாக இருந்தால் முதலில் கருங்காலித் தூளை அடைத்துவிட்டுச் சொட்டு விடுங்கள். காயவைக்கும் ஸ்பிரே வேண்டாம், பசை நுரைத்து வெள்ளையாகிவிடும். ஓர் இரவு விட்டு, 400, 600, 1000, 2000 எண் என்ற வரிசையில் (எண் கூடக் கூட நைசு) உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். வெட்டுமுகம் வெளியே தெரிந்தால் அங்கும் ஒரு சொட்டு தடவுங்கள். மறுபடி வெடிக்காமல் இருக்க இது முக்கியம். பேனாவை இனி காரில் விடவேண்டாம்.

கேள்வி: பிடிக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு போய்ப் பிசுபிசுக்கிறதே? – வாசகி, கோவை

பதில்: அரக்குப் பாலிஷாக இருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) கரையும். சானிடைசர் ஈரம் காயாத கையோடு பிடித்தாலே போதும். பழைய பூச்சை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, 600 உப்புத்தாளால் தேய்த்து, சூப்பர் க்ளூவையே மெல்லிய பூச்சாக எட்டுப் பத்து முறை போட்டு மெருகேற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஆவி கண்ணை எரிக்கும்.

கேள்வி: ஈட்டி மரப் பேனாவில் மரம் குழாயைவிட்டுச் சுழல்கிறது. – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஈட்டியில் எண்ணெய்ப் பசை அதிகம், ஒட்டு பிடிக்காமல் விட்டிருக்கும். உள்ளிருக்கும் உலோக உறுப்புகளை மறுமுனையிலிருந்து கம்பியால் மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். குழாயை உருவி, 150 உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். மரத்தின் உட்புறத்தை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்த உடனேயே, மெதுவாக இறுகும் எபாக்ஸியால் (இரண்டு பசைகளைக் கலந்து பூசும் ஒட்டு) ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். செருகும் முன் குழாயின் வாயை உருளைக்கிழங்குத் துண்டில் ஓர் அழுத்து அழுத்தி எடுத்தால் அதுவே அடைப்பாகிவிடும், பசை உள்ளே போகாது. இறுகியபின் கம்பியால் தள்ளினால் வெளியே வந்துவிடும்.